இருவருக்கும் நடுவே கிடக்கும் வேலை: ஒரு தரவு மையம் கட்டிய அனுபவம்

மண் பரிசோதனை அறிக்கை எங்கள் கைக்கு வந்து சேர்வதற்கு முன்பே நான்கு ஜெனரேட்டர்களுக்கு முன்பணம் கட்டியிருந்தோம். பதினான்கு ஆண்டுகள் அலுவலகக் கட்டடங்களையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் கட்டிப் பழகிய எனக்கு அது தலைகீழான வரிசையாகத் தோன்றியது. அஸ்திவாரம், தூண், தளம், சுவர், அதன் பிறகு மின்சாரமும் குளிரூட்டலும் என்பதுதான் நான் அறிந்த ஒழுங்கு. சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி ஒரு தரவு மையம், அதாவது நிறுவனங்களின் சர்வர் கணினிகள் இடைவிடாமல் ஓடும் கட்டடம், கட்டும் பணிக்கு 2021 ஜூலையில் திட்ட ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே அந்த ஒழுங்கைக் கைவிட நேர்ந்தது. ஜெனரேட்டர் வந்து சேர 32 வாரம், மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கவும் துண்டிக்கவும் உதவும் உயர் அழுத்த சுவிட்ச்கியர் வர 40 வாரம் என்று விலைப்புள்ளியிலேயே எழுதியிருந்தார்கள். உலகெங்கும் மின்னணுச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. 40 வாரம் என்று சொன்ன சுவிட்ச்கியர் 53ஆம் வாரத்தில்தான் லாரியில் வந்து இறங்கியது. கட்டடத்தின் கூடு ஓராண்டில் எழும்பிவிடும். ஆகவே இயந்திரங்கள் வரும் நாள்களை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக் கட்டட வேலையின் கால அட்டவணையைப் போட வேண்டியிருந்தது.

இப்படி முன்கூட்டியே வாங்குவதில் ஒரு சங்கடம் உண்டு. எந்த நிறுவனத்தின் இயந்திரம் என்று முடிவாகிவிட்டால், அதன் நீள அகலமும், எடையும், போல்ட் இருக்கும் இடமும், கேபிள் மேலிருந்து நுழையுமா கீழிருந்து நுழையுமா என்பதும் முடிவாகிவிடுகின்றன. ஆனால் அந்த விவரங்கள் அடங்கிய வரைபடத்தை விற்பனையாளர் அனுப்புவதற்கு மேலும் இரண்டு மாதங்கள் ஆகின்றன. அதற்குள் அஸ்திவாரக் கம்பி கட்ட மேஸ்திரி ஆள்களோடு தயாராக நிற்பார். முன்பணத்தின் முதல் தவணையை வரைபடம் வந்த பிறகே விடுவிப்போம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தத் தவிப்பு பாதியாகக் குறைந்திருக்கும். அடுத்து எடுத்த பணியில் அப்படித்தான் செய்தேன்.

கட்டடத்தின் அளவைச் சொல்லிவிடுகிறேன். சர்வர்களுக்கு மட்டும் 4 மெகாவாட் மின்சாரம், இரண்டு கூடங்கள், சர்வர்களை அடுக்கும் சுமார் 650 ரேக்குகள். சர்வர் உண்ணும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளிவருவதால் அதை வெளியேற்றும் சில்லர்கள் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரங்கள்), பம்புகள், மின்சாரம் போன நொடியில் பேட்டரியால் தாங்கும் யூபிஎஸ் கருவியின் இழப்பு, விளக்கு எல்லாம் சேர்த்து உச்சத் தேவை 6 மெகாவாட். ஆளுக்கு 2 மெகாவாட் தரும் ஜெனரேட்டர்கள் மூன்று போதும், நான்காவது உபரி. இன்றைய பெரிய மையங்களோடு ஒப்பிட்டால் இது சிறியது. ஆயினும் அலுவலகக் கட்டடத்தில் சதுர மீட்டருக்கு 400 கிலோ தாங்கும் தளம் போட்டுப் பழகியவனுக்கு, 1,200 கிலோ தாங்கும் தளமும், 15 டன்னுக்கு மேல் எடையுள்ள ஜெனரேட்டரை உருட்டிச் செல்லும் பாதையும் வேறு ஓர் உலகம்.

இடத்தைப் பற்றிய முதல் முடிவு தண்ணீரைப் பற்றியதாக இருந்தது. அதுவும் இரண்டு விதமாக. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் மனைக்கு அருகே தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்கு ஆலோசகர் தந்த அறிக்கையில் ஓர் எண் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்துத் தொழிற்கூடத்தின் காவலாளியிடம் கேட்டேன். அவர் வாசற்படியைக் காட்டி, “சார், இந்த ரெண்டாவது படி முங்கிடுச்சு, மூணாவதுல நான் உட்கார்ந்திருந்தேன்” என்றார். அளந்து பார்த்தபோது அறிக்கை சொன்னதைவிட அது 35 சென்டிமீட்டர் அதிகம். காவலாளியின் படியையே அளவாக வைத்து, அதற்கு மேல் ஒரு மீட்டர் உயர்த்தித் தரைமட்டத்தைத் தீர்மானித்தோம். மின் அறைகள் எதையும் நிலவறையில் வைக்கவில்லை. டீசல் தொட்டி மட்டும் நிலத்துக்கு அடியில். அது மிதந்து மேலெழாதபடி கான்கிரீட்டோடு பிணைத்தோம்.

மற்றது தண்ணீர் இல்லாமை. நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலிங் டவர் முறையில் மின்செலவு குறைவு. ஆனால் 1 மெகாவாட் வெப்பத்தை அப்படி வெளியேற்ற நாளொன்றுக்கு ஏறத்தாழ 35,000 லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். எங்கள் 4 மெகாவாட்டுக்கு 12,000 லிட்டர் லாரிகள் தினமும் பன்னிரண்டு வர வேண்டும். கழிவாக வெளியேற்றும் நீர் தனிக்கணக்கு. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததை நேரில் பார்த்த ஊரில் அந்த முறையை முன்மொழிய எவருக்கும் மனம் வரவில்லை. மின்கட்டணம் கூடினாலும் பரவாயில்லை என்று காற்றால் குளிரும் சில்லர்களை மொட்டைமாடியில் வைத்தோம். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது: காற்றால் குளிரும் சில்லரின் திறனைப் பட்டியல்களில் பெரும்பாலும் 35 டிகிரி வெளிவெப்பத்துக்குத்தான் அச்சிடுகிறார்கள். மே மாதச் சென்னையின் மொட்டைமாடியில், பக்கத்துச் சில்லர் கக்கும் காற்றும் சேர்ந்தால் 45 டிகிரி சாதாரணம். 45 டிகிரியில் என்ன திறன் என்று எழுதி வாங்கியபோது, ஐந்து சில்லர் போதும் என்ற கணக்கு ஆறாக மாறியது. கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவே என்பதால் உப்புக் காற்று அரிக்காதபடி அவற்றின் தகடுகளுக்குத் தனிப்பூச்சும் கேட்டு வாங்கினோம். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசுமாகையால் ஜெனரேட்டர் புகைபோக்கிகளை மேற்கே தள்ளினோம்; கிழக்கே வைத்திருந்தால், மின்சாரம் போன நேரத்தில் அவற்றின் சூட்டையே சில்லர்கள் உறிஞ்சியிருக்கும்.

அனுமதிகளைப் பற்றி நீட்டிச் சொல்லப் போவதில்லை. கட்டடத் திட்ட அனுமதி, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, மின்னூட்டுவதற்கு முன் மின் ஆய்வுத் துறையின் பாதுகாப்புச் சான்று, டீசல் சேமிப்புக்கு நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எந்த வரைபடம், எந்த நிலையில், யார் கையொப்பத்தோடு வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே விசாரித்து வைத்திருந்தோம். நாங்கள் தவறவிட்டது மின் கேபிள் வரும் வழியை. துணைமின் நிலையத்திலிருந்து எங்கள் வாசல் வரை சாலையைத் தோண்டுவதற்குப் பல அலுவலகங்களின் ஒப்புதல் தேவைப்படும் என்பதும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை தோண்டுவது நடக்காத காரியம் என்பதும் எங்கள் அட்டவணையில் இடம்பெறவே இல்லை. அதற்கு நானே பொறுப்பு. மழைக்கு முன் முடித்திருக்க வேண்டிய அந்த வேலை நான்கு மாதம் தள்ளிப்போயிற்று.

தொலைத்தொடர்பு இழைகளிலும் தெருவில் இறங்கி நடந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. கடலடிக் கேபிள்கள் கரையேறும் நகரம் என்பது சென்னையில் தரவு மையங்கள் பெருகியதற்கு முக்கியக் காரணம். எங்கள் வாடிக்கையாளர்களும் அதற்காகவே வந்தவர்கள். இரண்டு நிறுவனங்களின் இழைகள் கட்டடத்தின் வடக்கிலும் தெற்கிலும் தனித்தனியே நுழைய வேண்டும் என்று வடிவமைத்திருந்தோம். வரைபடத்தில் நீலக் கோடு ஒன்று, சிவப்புக் கோடு ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கோடுகளின் வழியே நடந்து பார்த்தபோது, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு மழைநீர்க் கால்வாய்ப் பாலத்தில் இரண்டும் ஒரே கைப்பிடிச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் கட்டப்பட்டிருந்தன. ஒரு பொக்லைன் தவறி இடித்தால் இரண்டும் சேர்ந்து அறுந்துவிடும். ஒரு நிறுவனம் மாற்று வழியில் இழை போட ஒப்புக்கொள்ள ஐந்து மாதம் ஆயிற்று.

எங்களுக்கு விதிக்கப்பட்டிருந்த அடிப்படை நிபந்தனை, எந்த ஒரு கருவியையும் பராமரிப்புக்காக நிறுத்தினாலும் சர்வர்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது. மூன்றாம் அடுக்கு என்று துறையில் சொல்வது இதைத்தான். இதைச் சோதிக்க நாங்கள் கையாண்ட முறை மிக எளியது. மின்சுற்றின் ஒற்றைக் கோட்டு வரைபடத்தையும் குளிர்நீர்க் குழாய் வரைபடத்தையும் மேசை அளவுக்கு அச்சிட்டு, மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒவ்வொரு பிரேக்கரையும் ஒவ்வொரு வால்வையும் வெள்ளைத் தாளால் மறைத்து, சர்வருக்கு மின்சாரமும் குளிர்நீரும் போகின்றனவா என்று விரலால் தடம் பார்த்தோம். மூன்று நாள் பிடித்தது. மின்சுற்று தேறியது. குழாயில் மாட்டிக்கொண்டோம்: இரண்டு சில்லர்களுக்கு நடுவே வளையக் குழாயில் ஒரே ஒரு வால்வு இருந்தது. சில்லர் பழுதானால் அதை மூடலாம். அந்த வால்வே பழுதானால் இரு பக்கத்துத் தண்ணீரையும் வடித்தாக வேண்டும், இரண்டு சில்லரும் நின்றுவிடும். இரண்டு வால்வுகளை அடுத்தடுத்து வைத்தால் தீர்ந்தது. காகிதத்தில் அதற்கு ஆன செலவு ஒரு கோடு. குழாய் பற்றவைத்த பிறகு கண்டுபிடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே விருப்பமில்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். தளத்தில் பதினோரு ஒப்பந்ததாரர்கள் வேலை செய்தார்கள். தத்தம் வேலையில் எவரும் சோடை போகவில்லை. சிக்கல் எல்லாம் ஒருவரின் வேலை முடிந்து மற்றவரின் வேலை தொடங்கும் இடத்தில்தான் முளைத்தது. யூபிஎஸ்ஸை விற்பவர் கருவியை இறக்கி வைத்துவிட்டுப் போவார். மின் ஒப்பந்ததாரர் கேபிளை அதன் வாயில்வரை இழுத்து விடுவார். அந்தக் கேபிளை உள்ளே முடுக்கிவிடுவது யார்? சுவரில் கேபிளுக்காகத் துளை போட்டவர் போய்விட்டார், கேபிள் இழுத்தவரும் போய்விட்டார். சுற்றியிருக்கும் துளையைத் தீத்தடுப்புக் கலவையால் அடைப்பது யார்? அடைக்காவிட்டால் தீயணைப்பு வாயு அறையில் தங்காது. கதவில் விசிறி பொருத்திக் காற்றழுத்தம் பார்க்கும் சோதனையில் அறை தோற்றுவிடும். இத்தகைய எல்லைகளை எல்லாம் ஓர் அட்டவணையில் எழுதத் தொடங்கினேன்: வழங்குபவர் யார், பொருத்துபவர் யார், இணைப்பவர் யார், சோதிப்பவர் யார். 140 வரிசைகளில் தொடங்கியது 214இல் வந்து நின்றது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கூட்டத்தில் முதல் அரைமணி நேரம் பெயரில்லாத கட்டங்களை மட்டுமே பேசுவோம். அந்தக் கூட்டத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாதவரை அனுப்பக் கூடாது என்ற விதியை மட்டும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றினேன்; “கேட்டுச் சொல்றேன் சார்” என்ற பதில் ஒரு வாரத்தை விழுங்கிவிடும்.

முப்பரிமாண மாதிரி இருக்கிறதே, குழாயும் கேபிள்களைத் தாங்கும் ட்ரேயும் மோதுவதை அதுவே காட்டிவிடுமே என்று கேட்கலாம். காட்டியது, மாதிரியில் வரைந்தவற்றை மட்டும். குளிர்நீர்க் குழாயை வெறும் இரும்பின் விட்டத்துக்கு வரைந்திருந்தார்கள். அதன்மேல் சுற்றிலும் குளிர் வீணாகாமல் காக்கும் 50 மில்லிமீட்டர் காப்புறை வரும் என்பதை வரைந்தவர் சேர்க்கவில்லை. காப்புறை வேறொரு துணை ஒப்பந்ததாரரின் வேலை. முதல் மாடி நடைவழியில் ட்ரேக்கும் குழாய்க்கும் இடையே கை நுழைய இடமில்லாமல் போய், 60 மீட்டர் நீளத்துக்கு ட்ரேயைக் கழற்றி இறக்கினோம். கருவியின் கதவு முழுதாகத் திறக்கும் இடம், ஆள் நின்று வடிகட்டியைக் கழற்றும் இடம் ஆகியவற்றையும் மாதிரியில் இடத்தை அடைக்கும் பொருள்களாகவே வரைய வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றோம்.

நடுவில் ஒரு மாற்றம் வந்தது. 2022 அக்டோபர் 15 அன்று தென்கொரியாவின் பாங்யோவில் ஒரு தரவு மையத்தின் பேட்டரிப் பகுதியில் பற்றிய தீயால் அந்நாட்டின் பெரும்பாலானோர் பயன்படுத்தும் ககாவோடாக் செயலியின் சேவைகள் பல நாள்கள் குலைந்தன. அடுத்த வாரமே எங்கள் வாடிக்கையாளர், யூபிஎஸ் கருவியோடு ஒரே அறையில் இருந்த லித்தியம் பேட்டரிகளைத் தனி அறைக்கு மாற்றி, நடுவே இரண்டு மணி நேரம் தீ தாங்கும் சுவர் எழுப்பச் சொன்னார். நியாயமான கோரிக்கைதான். ஆனால் அந்த ஒரு சுவர் கேபிள் நீளத்தையும், குளிரூட்டலையும், புகை உணர்வியையும், கதவுகளின் எண்ணிக்கையையும் மாற்றியது. எல்லை அட்டவணையில் அந்த மாற்றம் தொட்ட வரிசைகளை எண்ணினேன்: 19. செலவும் கால நீட்டிப்பும் எவ்வளவு என்று பேசுவதற்கு அந்த எண் எனக்குக் கைகொடுத்தது.

சோதனைக் கட்டம் 2023 மார்ச்சில் தொடங்கியது. தொழிற்சாலையில் ஒரு முறை, தளத்தில் இறக்கியதும் ஒரு முறை, பொருத்திய பின் தனித்தனியே ஒரு முறை எனக் கருவிகள் எல்லாம் தேறியிருந்தன. கடைசியில் வருவது கட்டடம் முழுவதையும் ஒன்றாக ஓட்டிப் பார்க்கும் சோதனை. கூடங்களில் சர்வர்களுக்குப் பதிலாக லோட் பேங்க் எனப்படும் பெரிய மின்சூடேற்றிகளை நிறுத்தி, 4 மெகாவாட்டையும் வெப்பமாக உமிழவிட்டு, வெளி மின்சாரத்தைத் துண்டிப்போம். முதல் துண்டிப்பில் யூபிஎஸ் தாங்கியது, பத்து வினாடியில் ஜெனரேட்டர்கள் எழுந்தன, கைதட்டினார்கள். நான் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெனரேட்டர் வந்தாலும் சில்லர் உடனே ஓடாது. தன்னைச் சரிபார்த்துக்கொண்டு முழுத் திறனுக்கு வரச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை குளிர்நீர்த் தொட்டியில் சேமித்த நீரைப் பம்புகள் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டும். பம்புகளுக்கு யூபிஎஸ் மின்சாரம் கொடுத்திருந்ததால் கூடத்தின் சூடு 27 டிகிரியைத் தாண்டவில்லை. செலவைக் குறைக்க அந்தத் தொட்டியை நீக்கிவிடலாம் என்று ஒருகட்டத்தில் பேசப்பட்டது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் நாள், நான்கு மணி நேரத் தொடர் ஓட்டம். மூன்று ஜெனரேட்டர்கள் ஏறக்குறைய முழுப் பளுவில் ஓடின. ஓட்டம் தொடங்கி ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனபோது மூன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக டீசல் குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை ஒலித்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 990 லிட்டர் தினத்தொட்டி உண்டு. முழுப் பளுவில் மணிக்கு 500 லிட்டர் அளவுக்குச் செலவாகும். நிலத்தடித் தொட்டியிலிருந்து பம்பு தானாக ஏற்றி நிரப்பியிருக்க வேண்டும். 75,000 லிட்டர் டீசல், 48 மணி நேரத்துக்கான இருப்பு, இருபது மீட்டர் தொலைவில் நிலத்துக்கு அடியில் இருந்தது. பம்பு ஓடவில்லை. பம்புக்கு மின்சாரம் வெளிவளாக விளக்குகளின் பெட்டியிலிருந்து கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பெட்டிக்கு ஜெனரேட்டர் ஆதரவு கிடையாது. வெளி மின்சாரம் இருக்கும்போது மட்டுமே டீசல் ஏறும்!

எவரைக் குறை சொல்வது? ஜெனரேட்டர் நிறுவனத்தின் பொறுப்பு தினத்தொட்டியின் நுழைவாயில்வரை. எரிபொருள் ஒப்பந்ததாரரின் பொறுப்பு பம்பும் மோட்டாரும். மின் ஒப்பந்ததாரர் பம்பு வளாகத்தில் இருப்பதைப் பார்த்து, அருகிலிருந்த பெட்டியில் இணைத்தார். என் அட்டவணையில் அந்த வரிசை இருந்தது. எல்லாக் கட்டங்களிலும் பெயரும் இருந்தது. இணைப்பவர் யார் என்று கேட்ட நான், எங்கிருந்து இணைப்பார் என்று கேட்கவில்லை. முந்தைய சோதனைகள் அனைத்தும் அரைமணி நேர ஓட்டங்கள். தினத்தொட்டி தீரும்வரை எவரும் ஓட்டிப் பார்த்ததில்லை. சிக்கன நடவடிக்கையாக அந்த நான்கு மணி நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைக்கலாமா என்று அதற்கு முந்தைய வாரம் கேட்டவர்களில் நானும் ஒருவன். அன்றிரவே அட்டவணையில், வெளி மின்சாரம் இல்லாதபோது இதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற புதிய கட்டத்தைச் சேர்த்து 214 வரிசைகளையும் மறுபடி நிரப்பினோம். இன்னும் இரண்டு சிக்கின: ஜெனரேட்டர் அறையின் காற்று வாங்கும் ஷட்டர் மோட்டார், கேபிள் அகழியின் நீரிறைக்கும் பம்பு.

அதே சோதனையில் வேறொரு சிறு தலைவலி. எது முதலில் நடந்தது என்று பதிவேடுகளை ஒப்பிட்டபோது, ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய பிறகுதான் வெளி மின்சாரம் போனது என்று காட்டின. கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேர வழங்கியோடு இணைக்கும் வேலையைச் சோதனைக்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

2023 ஜூனில் கட்டடத்தை ஒப்படைத்தோம். டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் சென்னையை மழையில் அமிழ்த்தியபோது, முந்தைய இரவே வெளி மின்சாரம் நின்றுபோயிருந்தது. ஜெனரேட்டர்கள் 37 மணி நேரம் ஓடின. சாலையில் தண்ணீர் நின்றதால் டீசல் லாரி வர வழியில்லை. பளு பாதிதான் இருந்ததால் தொட்டியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. தினத்தொட்டிகள் தாமாக நிரம்பின. தண்ணீர் காவலாளி காட்டிய இரண்டாவது படியைத் தொடவில்லை என்று பின்னர் அவரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஆயினும் கேபிள் அகழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. புதிதாக ஜெனரேட்டர் ஆதரவு பெற்ற பம்பு அதை இறைத்துக்கொண்டே இருந்ததால் பாதகம் நேரவில்லை. தண்ணீர் வந்த வழியைத் தேடியபோது, கேபிள் நுழைவதற்காகச் சுவருக்குள் பதித்த பன்னிரண்டு ஸ்லீவ் குழாய்களில் எட்டில் கேபிள் இருந்தது. அவை கச்சிதமாக அடைக்கப்பட்டிருந்தன. எதிர்காலத் தேவைக்காக விடப்பட்ட நான்கு உதிரிக் குழாய்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. கேபிள் இழுத்தவர் தன் கேபிள் போன துளைகளை அடைத்தார். கேபிளே போகாத துளை எவருடைய கணக்கிலும் இல்லை. டிசம்பர் 7ஆம் தேதி அட்டவணையைத் திறந்து, 215ஆம் வரிசையில் “உதிரி ஸ்லீவ்களை அடைத்தல்” என்று எழுதி, பொறுப்பாளர் கட்டத்தில் பராமரிப்பு மேலாளரின் பெயரைப் போட்டு, மாலைக்குள் அவருடைய கையொப்பத்தையும் வாங்கிவைத்தேன்.